சாதனத்தை அணைக்க வேண்டாம்

சுண்டங்குளத்தில் பந்தல் போட ஆள் தேடி யாரும் அலைந்ததில்லை. நான்கு பேர் எப்போதும் தயாராக இருப்பார்கள். ஜனங்கள் அலைந்ததெல்லாம் அவர்கள் பந்தல் போட்டு முடித்த பிறகுதான்.

நால்வரில் மூத்தவர் மொக்கைச்சாமி. எந்தக் கேள்விக்கும் அவர்தான் தீர்ப்புச் சொல்வார், பெரும்பாலும் கேள்வி முடிவதற்கு முன்பே. மைக்செட்டும் சீரியல் லைட்டும் செம்புலியின் பொறுப்பு. ஷாக் அடித்து அடித்துப் பழகிய ஆள் என்பதால் மின்சார விஷயத்தில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அறிவழகனுக்கு எழுத்துக் கூட்டாமல் வாசிக்க வரும். வாசித்ததற்கு என்ன பொருள் என்று அவனை யாரும் கேட்டுத் தொந்தரவு செய்ததில்லை. நான்காவது ஆள் தவசி. நம் கதை அவனுடையது.

"சொன்னதைச் செய்வோம்" என்று அவர்களுடைய வண்டியில் எழுதியிருக்கும். வெறும் பேச்சில்லை. ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுக்காரர், "வெயில் ஒரு பொட்டு உள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நால்வரும் நாலு பக்கமும் தகரம் அடித்து மூடினார்கள். வெயில் வரவில்லை. மாப்பிள்ளையும் வரவில்லை. வாசல் எது என்று தேடிச் சுற்றிச் சுற்றி வந்ததில் முகூர்த்தம் தாண்டிவிட்டது.

இப்படிப்பட்ட தவசிக்கு, அரிசி மில் முதலாளி வைரக்கண்ணு தன் மகள் செண்பகத்தைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார். தாயில்லாப் பெண். வீட்டில் அப்பாவும் மகளும்தான். தவசிக்கு அவள் என்றால் உயிர். அவள் தெருவில் போனால் கையில் இருக்கிற கயிற்றைக் கம்பில் கட்டுகிறோமா, பக்கத்தில் நிற்பவர் காலில் கட்டுகிறோமா என்பதே அவனுக்குத் தெரியாது. செம்புலி இரண்டு தடவை விழுந்திருக்கிறான்.

தட்டு மாற்றுவதாக இருந்த நாள் காலையில் வைரக்கண்ணு அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கையில் ஒரு கேம் பெட்டி இருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிற வகை. அதில் ஒரு பண்ணை விளையாட்டு. நிஜத்தில் அவர் ஓர் ஆட்டுக்குட்டிகூட வளர்த்ததில்லை. ஆனால் பெட்டிக்குள் அவருக்குத் தோப்பு, கிணறு, கோழிகள், லட்சுமி என்று ஒரு செவலைப் பசு எல்லாம் இருந்தன. லட்சுமி நிறைசினையாக இருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்று மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு நாலைந்து பேர் சீம்பாலுக்குப் பாத்திரம்கூடக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துப் பெட்டிக்கு அப்டேட் வந்திருந்தது. பண்ணையைக் காட்டாமல் எழுத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. அவரோ தட்டுக்குப் பழமும் பூவும் வாங்க டவுனுக்குப் போக வேண்டும்.

"மாப்ளே, எல்லாம் தமிழ்லதான் வருது. அது என்ன சொல்லுதோ அதை வார்த்தை பிசகாமச் செய்ங்க. சொந்தப் புத்திய மட்டும் உள்ள விட்றாதீங்க" என்றார் வைரக்கண்ணு.

"அந்தப் பயமே வேண்டாம் மாமா" என்றான் தவசி.

"லட்சுமிக்கு ஒன்னுன்னா என்னால தட்டத் தூக்க முடியாது. சொல்லிட்டேன்."

தவசி பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பந்தல் சாமான் போட்டுவைக்கிற குடோனுக்கு ஓடினான். பெட்டியை மேசை மேல் வைத்ததும் மற்ற மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அறிவழகன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

"புதிய பதிப்பு தயார். தொடர, ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தவும்."

நால்வரும் தங்கள் மேலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேர் பனியனில் இருந்தார்கள். மொக்கைச்சாமி மட்டும்தான் சட்டை போட்டிருந்தார். ஆகவே பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஏதேனும் ஒன்று என்றால் எதை என்று தவசி கேட்டான். மேல் பொத்தான் கழுத்துக்குச் சொந்தம், கீழ்ப் பொத்தான் தொந்திக்குச் சொந்தம், நடுவில் இருக்கிறதுதான் பொதுப் பொத்தான் என்று மொக்கைச்சாமி விளக்கினார். தவசி அதைப் பயபக்தியோடு அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தம் போதாது என்று செம்புலி இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினான். மொக்கைச்சாமி மூச்சு முட்டிப் பின்னால் சாய்ந்தார். சாய்ந்தவர் கையைப் பெட்டியின் மேல் ஊன்றினார். பெட்டி டிங் என்றது.

"பாத்தீங்களா" என்றான் செம்புலி. அதன் பிறகு அந்தச் சட்டையை மூவரும் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்த்தார்கள்.

அடுத்து, பதிவிறக்கம் நடக்கிறது என்று வந்தது. மேசை மேல் இருந்தால் எப்படி இறங்கும் என்று பெட்டியைத் தரையில் வைத்தார்கள். திரையில் ஒரு நீலக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. தவசிக்குத் தெம்பு வந்தது. பெட்டியை எடுத்து மறுபடியும் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்தான். அப்போதுதான் அறிவழகன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அடுத்த வரியை வாசித்தான்.

"புதுப்பிக்கப்படுகிறது. சாதனத்தை அணைக்க வேண்டாம்."

தவசி நெருப்பைத் தொட்டவனைப் போலப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுண்டங்குளத்தில் யாரும் விளக்கை அணைப்பதில்லை, அமத்துவார்கள். அடுப்பை அவிப்பார்கள். மோட்டாரை நிறுத்துவார்கள். டிவியை ஆஃப் பண்ணுவார்கள். அணைப்பது என்றால் அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

"நான் அணைக்கலண்ணே. சும்மா புடிச்சிருந்தேன்" என்றான் தவசி.

"நெஞ்சுல வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன்."

"கை ரெண்டும் சுத்தி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப அது அணைப்புதான்" என்றார் மொக்கைச்சாமி வருத்தத்தோடு. "நல்ல வேள, முழுசா நடக்கறதுக்கு முந்தி சொல்லிருச்சு. மானமுள்ள பொட்டி."

இனி யாருக்கும் அந்த எண்ணமே வரக்கூடாது என்று முடிவாயிற்று. கல்யாண வரவேற்புக்கு வைக்கிற சிவப்பு வெல்வெட் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு குச்சிகளால் நெம்பிப் பெட்டியை அதன் மேல் ஏற்றினார்கள். சுற்றிலும் கயிறு கட்டினார்கள். அறிவழகன் மட்டும் நிலைகொள்ளாமல் தவித்தான். வேண்டாம் என்று வாசித்த நிமிஷத்திலிருந்து தனக்கு ஒரே ஆசையாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டான். நல்லவன், முன்கூட்டியே சொல்லிவிட்டான். அவன் கையைப் பின்னால் கட்டிப்போட்டார்கள்.

கோடு கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். பிறகு திரை சிவந்தது. கை கட்டப்பட்டிருந்தாலும் அறிவழகனின் கண் நன்றாகவே இருந்தது.

"பிழை ஏற்பட்டது" என்று வாசித்தான்.

தவசி மொக்கைச்சாமியின் முகத்தைப் பார்த்தான். பிழையென்றால் என்ன அண்ணே என்று கேட்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. மொக்கைச்சாமி கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரியில என்ன சொல்லுவாங்க? ஆளு பிழைச்சிட்டாருன்னுதான் சொல்லுவாங்க. பிழை ஏற்பட்டுப் போச்சுடா தவசி. லட்சுமி பிழைச்சுக்கிட்டா."

அதுவரை லட்சுமி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள் என்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆகவே சந்தோஷம் இரண்டு மடங்காயிற்று. செம்புலி கடைக்கு ஓடிப்போய்ச் சீனிமிட்டாய் வாங்கி வந்தான். தவசி வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டு, "மாமா, பிழைச்சிருச்சு" என்றான். கடைத்தெரு இரைச்சலில் வைரக்கண்ணு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நல்லது மாப்ளே, இன்னும் ஒரு சீப்பு சேர்த்து வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார். தவசிக்குக் கால் தரையில் பாவவில்லை. செண்பகம் தனக்குத்தான் என்று நினைத்து அழுதேவிட்டான்.

மிட்டாய் தின்பதற்காக அறிவழகனின் கையை அவிழ்த்துவிட்டார்கள். அவன் தின்றுகொண்டே திரையில் கீழே இன்னொரு வரி இருப்பதைக் கண்டான்.

"சாதனத்தை அணைத்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலவும்."

செம்புலியின் வாயில் மிட்டாய் அப்படியே நின்றது. சற்று முன்னால்தானே வேண்டாம் என்றது, இப்போது அதுவாகவே கேட்கிறதே என்றான். இப்படி நிமிஷத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிற பெட்டியை நம்பலாமா என்பது அவன் சந்தேகம்.

"சாவு வரைக்கும் போயிட்டு வந்திருக்குடா. யாராவது கட்டிப் புடிச்சு ரெண்டு வார்த்தை சொன்னாத் தேவலன்னு இருக்காதா? மனுசனுக்கே இருக்கும்" என்றார் மொக்கைச்சாமி.

ஞாயம்தான். ஆனால் தவசிக்கு வேறு கவலை. சாயங்காலம் தட்டு மாற்றப் போகிறவன், மத்தியானம் இன்னொன்றை அணைக்கலாமா? எதற்கும் கேட்டுவிடுவோம் என்று செண்பகத்துக்குப் போன் செய்தான். அவள் விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"அதுவா கேட்டுச்சா, நீங்களா கேட்டீங்களா?" என்றாள்.

"அதுவாத்தான் கேட்டுச்சு. எழுத்துல இருக்கு."

"அப்பச் செய்ங்க. கண்ண மூடிக்கிட்டுச் செய்ங்க."

தவசி கண்ணை மூடிக்கொண்டு அணைத்தான். ஒன்றும் ஆகவில்லை. மீண்டும் முயலவும் என்றுதானே இருக்கிறது என்று, செம்புலி அணைத்தான். அறிவழகன் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த ஆசையை எல்லாம் சேர்த்து வைத்து அணைத்தான். அவனைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திரை சிவந்தது சிவந்தபடியே இருந்தது. கடைசியில் மொக்கைச்சாமி எழுந்தார். பந்தல்காலை ஒற்றை ஆளாகக் கட்டிப்பிடித்துத் தூக்கி நிறுத்துகிறவர். பெட்டியை நெஞ்சில் வைத்து, பல்லைக் கடித்து, நரம்பு புடைக்க இறுக்கினார். அந்த இறுக்கலில் அவர் சட்டையின் நடுப் பொத்தான் போய்ப் பெட்டியின் ஓரத்தில் இருந்த பவர் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றது.

திரை கருத்தது.

மொக்கைச்சாமி கையைத் தளர்த்தினார். பெட்டியில் வெளிச்சமில்லை, சத்தமில்லை. செம்புலி குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

"லட்சுமி போயிட்டா" என்றான்.

தவசி அப்படியே உட்கார்ந்துவிட்டான். பசுவும் போயிற்று, செண்பகமும் போயிற்று. மாமா வந்தால் என்ன பதில் சொல்வது? ஓடிப்போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் யாரும் ஓடு என்று சொல்லவில்லை. சொல்லாததைச் செய்து அவனுக்குப் பழக்கமில்லை.

மற்ற மூவருக்கும் யோசிக்க நேரமில்லை. சாவு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர்கள் கை தானாக மூங்கிலை எடுத்தது, தார்ப்பாயை உருட்டியது, பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியில் ஏற்றியது. யார் வீட்டுச் சாவோ அந்த வீட்டு வாசலில்தான் பந்தல். வைரக்கண்ணுவின் வீட்டு முன்னால் சாவுப் பந்தல் எழும்பிற்று. செம்புலி ஒலிபெருக்கியைக் கட்டி, மில் முதலாளி வைரக்கண்ணு அவர்கள் வீட்டில் இன்று மதியம் அகால மரணம் என்று தெருத்தெருவாகக் கேட்கும்படி சொன்னான். யாருடைய மரணம் என்று சொல்வதற்குள் அழுகை முந்திக்கொள்ள, மைக்கைக் கீழே வைத்துவிட்டான். ஊர் அதை வைரக்கண்ணுவின் மரணமாக எடுத்துக்கொண்டு மாலை வாங்கக் கிளம்பியது.

செண்பகம் வெளியே வந்தாள். யார் என்று கேட்டாள். லட்சுமி என்றான் தவசி தலையைக் குனிந்துகொண்டு.

"நிறைமாசக்காரியாச்சே" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். உள்ளே போய்ப் பலகையும் விளக்கும் ஒரு படி நெல்லும் கொண்டு வந்தாள். பெட்டியைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். தெற்குப் பக்கம் எது என்பதில் தகராறு இல்லை. பெட்டியின் தலை எது என்பதில்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

அடுத்து உடலைக் குளிப்பாட்ட வேண்டும். அறிவழகன் குடத்தில் தண்ணீரோடு வந்து நின்றான். அதற்கு முன்னால் வாய்க்கட்டுக் கட்டியாக வேண்டும் என்று மொக்கைச்சாமி நிறுத்தினார். தவசி ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினான். மனதில் இருந்த வேதனையை எல்லாம் முடிச்சில் காட்டி இறுக்கினான். பந்தல்காரன் முடிச்சு. அது பெட்டியின் ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் வைரக்கண்ணு ஆட்டோவில் வந்து இறங்கினார், இரண்டு கையிலும் பழக்கூடைகளோடு. தன் வீட்டு வாசலில் சாவுப் பந்தலைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. முன்னால் நின்ற ஒருவர் செலவழித்து வாங்கிய மாலை வீணாகக் கூடாதென்று அவர் கழுத்திலேயே போட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் நல்ல மனுஷர் என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார்.

"மாப்ளே, யாரு?" என்றார் வைரக்கண்ணு.

தவசி பலகையைக் கையால் காட்டினான். வாய்க்கட்டும் மாலையுமாகக் கிடந்த பெட்டியைப் பார்த்ததும் வைரக்கண்ணுவின் கையிலிருந்து கூடை நழுவியது. அறிவழகன் குடத்தைச் சரித்தான்.

அந்த நேரத்தில் வெள்ளைத் துணிக்குள் வெளிச்சம் வந்தது. ஏதோ பாட்டு கேட்டது. பிறகு, சன்னமாக ஒரு குரல், "ம்மா" என்றது.

கூட்டத்தில் பாதி தெருக்கோடிக்குப் போய்விட்டது. குடத்துத் தண்ணீர் ஓடியவர்கள் மேல் கொட்டியது. வைரக்கண்ணு மட்டும் பாய்ந்து போய்த் துணியை விலக்கினார். பெட்டி முழுசாகப் புதுப்பிக்கப்பட்டு, அப்டேட் முடிந்து, பண்ணையைப் பளிச்சென்று காட்டியது. லட்சுமி நின்றாள். அவள் காலடியில் தள்ளாடிக்கொண்டு ஒரு செவலைக் கன்று நின்றது.

வைரக்கண்ணு தவசியைப் பிடித்து இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். செத்த பசுவைப் பிழைக்க வைத்து, பிரசவமும் பார்த்த மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் யாருக்குக் கிடைப்பான் என்று அழுதார். தட்டை எடுங்கள், இப்போதே மாற்றிவிடுவோம், பந்தலும் இருக்கிறது, ஜனமும் இருக்கிறது என்றார். செண்பகம் நிலைக்கதவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் சிரிப்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

மொக்கைச்சாமிதான் கையைத் தூக்கினார்.

"முதலாளி, இது சாவுப் பந்தல். இதுல நல்ல காரியம் பண்ணப்படாது."

"அப்பப் பிரிங்கய்யா."

"எடுக்காமப் பிரிக்கப்படாது. எங்க தொழில்ல அது கிடையாது."

கேட்ட எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது. பிணத்தை எடுத்த பிறகுதான் பந்தலைப் பிரிக்கலாம். எடுப்பதற்குப் பிணம் வேண்டும். இருந்த ஒரு பிணமும் எழுந்து கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. தெருவில் விசாரித்தார்கள். சாகிற நிலைமையில் யாரும் இல்லை. ரொம்ப நாளாகப் படுத்த படுக்கையாக இருந்த ஒருவர்கூட, ஒலிபெருக்கியைக் கேட்டுத் துக்கத்துக்கு எழுந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தவசி கெஞ்சினான். வழியே இல்லையா அண்ணே என்றான். மொக்கைச்சாமி பந்தலையும் தவசியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வைரக்கண்ணுவின் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தார்.

வைரக்கண்ணு பெரிய மனது படைத்தவர். மகள் வாழ்க்கை என்று வந்தபோது மறுக்கவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். தாராளமாக என்றார்கள். பாடையில் ஏறி மல்லாந்து படுத்து, கன்றுக்குத் தொட்டி கட்ட ஆரம்பித்தார். மருமகனாகப் போகிறவன் என்பதால் முன்பக்கம் தவசி தோள் கொடுத்தான். கொட்டு அடித்தார்கள். பூ தூவினார்கள். தெரு முனையைத் தாண்டும்போது, ரொம்பக் குலுக்காதீர்கள் மாப்ளே, தொட்டி கோணுகிறது என்று ஒரு தடவை சொன்னார். மற்றபடி வழி நெடுக அடக்கமாகவே போனார்.

சுடுகாட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். அவரும் பின்னாலேயே விளையாடிக்கொண்டு நடந்து வந்தார். பந்தலைப் பிரித்தார்கள். ஜமக்காளம் விரித்தார்கள். தவசி குளித்து, வேட்டி மாற்றி, தலை வாரி வந்து உட்கார்ந்தான். வைரக்கண்ணு தட்டைத் தூக்கினார்.

ஈரத் தலையோடு செண்பகம் வாசலுக்கு வந்தாள். அப்பாவை எடுத்ததும் வீடு வாசல் எல்லாம் கழுவிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"எடுத்த வீட்டுல, பதினாறு முடியாமத் தட்டு மாத்துவாங்களா?" என்று கேட்டாள்.

வைரக்கண்ணு தட்டைக் கீழே வைத்தார். மொக்கைச்சாமி தலையாட்டினார். தவசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பெற்ற தகப்பனைப் பறிகொடுத்த பெண்ணிடம் அவசரப்படுத்திப் பேச அவனுக்கு மனம் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே தட்டு மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. காரியத்துக்கும் தானே முன்னால் நின்று எல்லாம் பார்த்துக்கொள்வதாக வைரக்கண்ணு சொன்னார்.

"படையல்ல அப்பாவுக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கணும்" என்றாள் செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னென்ன வைக்கட்டும்ப்பா?"

வைரக்கண்ணு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தார்.

"வடை வை. அதிரசம் வை. கோழிக் குழம்பு கொஞ்சம் காரமா வை" என்றார். "மறக்காம இந்தச் சார்ஜரையும் இலையில வச்சிரும்மா. அங்க போயி நான் யார்கிட்டப் போய்க் கேக்க?"